வேலிக்கு அடியில் ஒரு சாண்

சாக் பள்ளத்தாக்கு, வாப்பெனமண்டா
1997 ஜூன் 18

கம்பாவோவுக்கு,

அண்ணா என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால் பெயரையே எழுதிவிட்டேன். கோபித்துக்கொள், உனக்கு அது புதிதா என்ன.

நான் நலமா என்று நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். யாகோப் மாமா தன் வீட்டை ஒட்டி எனக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்திருக்கிறார், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைக்க ஒரு துண்டு நிலமும் ஒதுக்கியிருக்கிறார். புருஷன் செத்ததும் அண்ணன் நிலத்துக்குத் திரும்பினாள், அண்ணன் விரட்டினான், அம்மாவின் தம்பி சேர்த்துக்கொண்டார். இங்கே எல்லாருக்கும் இது தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வந்து நின்ற கோலமே போதுமாக இருந்தது.

இதை டமாரிஸ் அண்ணிக்காகவும் குழந்தை நெமாவுக்காகவும் எழுதுகிறேன். ஈஸ்டருக்குப் பிறகு இங்கே சரியான மழை இல்லை. லாரிக்காரன் பவுலுஸிடம் மேலே காண்டெப்பில் வானம் எப்படி என்று கேட்டேன். "கழுவிக் கவுத்த சட்டி மாதிரி இருக்குக்கா. ஒரு துண்டு மேகம் கெடையாது" என்றான்.  மேகம் மூடாத மலையில் உறைபனி இறங்கும். அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது உன் வேலியைப் பற்றி. என் பன்றி வரக்கூடாது என்று உன் தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஓடையிலிருந்து காட்டு விளிம்பு வரை சரிவுக்குக் குறுக்கே சவுக்குப் பலகையை நெருக்கி அடித்தாயே, அதைப் பற்றித்தான். குளிர் தண்ணீர் மாதிரி, அண்ணா. மேலிருந்து சரிவு வழியாக இறங்கிப் போகும். கிழங்குக் கொடியை நாம் மண்ணைக் குவித்து அந்த மேட்டின் தலையில் நடுவது எதற்கு? குளிர் பள்ளத்தில் போய் உட்காரும், தலைக்கு ஏறாது என்பதற்குத்தானே? நீ நெஞ்சு உயரத்துக்கு அணை கட்டி வைத்திருக்கிறாய். இறங்கி வருகிற குளிர் அங்கேயே தேங்கி உன் மேடுகளை முழுக்காட்டிவிடும்.

கீழ்ப்பலகை வரிசையை மட்டும் கழற்றிவிடு. தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் போதும். நுழைய என் பன்றியும் இல்லை, உதைக்க நானும் இல்லை. வேலியால் இனி யாருக்கு என்ன லாபம்?

பார், கோபத்தில் அண்ணா என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

டக்காமே


காண்டெப்
ஜூன் 29

டக்காமேவுக்கு,

கடிதம் வந்தது. பவுலுஸ் பல்லைக் காட்டிக்கொண்டே கொடுத்தான். படித்திருப்பான். இனி ஊரே படித்த மாதிரிதான்.

நான் விரட்டினேனாம். உன் கறுப்புப் பன்றி என் மேடுகளை எத்தனை தடவை கிளறிப் போட்டது என்று மாமாவிடம் சொன்னாயா? கட்டி வை, கட்டி வை என்று தொண்டை கிழியக் கத்தினேனே, அதைச் சொன்னாயா? நான் கோடாரியால் அதை வெட்டியது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அது சினைப்பன்றி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியாது.

குளிர் மேலிருந்து வருகிறது என்று உனக்கு யார் சொன்னது? பெண்கள் மேட்டைக் குனிந்து பார்க்கிறீர்கள், மலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. குளிர் சதுப்பிலிருந்து ஏறுகிறது. காலையில் கீழே சதுப்பைப் பார், வெள்ளையாகக் கிளம்புகிறதே அதுதான் குளிர். என் வேலி அதற்கு முகத்துக்கு முகம் நிற்கிறது. பன்றிக்குக் கட்டினேன், பனிக்கும் ஆயிற்று.

உன் கடிதத்தை டமாரிஸுக்குப் படித்துக் காட்டினேன். "அவ சொல்றது சரிதாங்க, ஒரு பலகையையாவது எடுங்க" என்றாள். வேலிக்கு ஓணான் சாட்சி. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் என்றைக்கு நான் சரியாக இருந்திருக்கிறேன்?

இன்னொன்று. போகிறபோது அப்பா வைத்த கொடியில் ஒரு பை நிறைய அறுத்துக்கொண்டு போனாய். கேட்கவும் இல்லை. அது இந்த மலைக் குளிருக்குப் பழகிய கொடி. உங்கள் கீழ்நாட்டு வெயிலில் இலைதான் பெருக்கும். திருடியதும் வீண், நட்டதும் வீண்.

கம்பாவோ


சாக்
ஜூலை 14

அண்ணா,

பவுலுஸ் சொன்னான். காண்டெப்பில் முதல் பனி விழுந்துவிட்டதாம், சதுப்பை ஒட்டிய தோட்டமெல்லாம் கொதிநீர் ஊற்றின மாதிரி கறுத்துவிட்டதாம். உன்னுடையதைக் கேட்டேன். "அவரு கிட்ட கேக்கற மாதிரியா இருக்காரு? மூஞ்சியப் பாத்துட்டு வண்டிய எடுத்துட்டேன்" என்றான்.

சண்டையை ஒரு மூலையில் வைப்போம், எங்கும் ஓடிப்போகாது. பனி விழுந்தால் தாய்வழிச் சொந்தம் இருக்கிற கீழ்நாட்டுக்கு இறங்குவது நமக்குப் புதிதில்லை. அப்பா இறங்கியிருக்கிறார், அவருடைய அப்பாவும் இறங்கியிருக்கிறார். மேலே இருப்பவர்கள் கொடியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், கீழே இருப்பவர்கள் அதை நட்டு உயிரோடு வைத்திருப்பார்கள். பனிக்காலம் முடிந்ததும் அதே கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம். நான் ஒரு பை அறுத்துக்கொண்டு வந்தது எதற்கென்று நினைத்தாய்? வானத்தை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் எடுத்தது தப்புதான். கேட்டால் நீ கொடுத்திருப்பாயா?

இலை பெருத்துத்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறது.

அண்ணியையும் நெமாவையும் அனுப்பு. அண்ணி பிறந்த ஊரில் சண்டை நடந்து வீடெல்லாம் எரிந்து கிடக்கிறது, அங்கே போக முடியாது. அவளுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மாமாவிடம் கேட்டுவிட்டேன். "கேக்கறதுக்கு என்ன இருக்கு? அடுப்பு பெருசாத்தான இருக்கு" என்றார்.

நீயும் வந்தால் வா. நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், சோறு போடுவேன்.

டக்காமே


காண்டெப்
ஜூலை 25

டக்காமேவுக்கு,

ஒரு பனிக்கு ஓடிப்போக நான் சதுப்புக்காரன் இல்லை. என் தோட்டத்தில் வேலியை ஒட்டிய இரண்டு வரிசைதான் கருகியது. மேலே எல்லாம் பச்சை.

சும்மாவும் உட்காரவில்லை. பலகைக்குப் பலகை இருந்த சந்துகளையெல்லாம் பாசியும் புல்லும் வைத்து அடைத்துவிட்டேன். இனிமேல் சதுப்புக் குளிர் ஊசி முனை அளவுகூட உள்ளே வராது. வானம் தெளிந்த ராத்திரியில் ஈரப்புல்லைக் கொளுத்திப் புகை போடுகிறோம். மேட்டுத் தலையில் காய்ந்த புல்லைப் போர்த்துகிறோம். டமாரிஸ்தான் போர்த்துகிறாள். போர்த்திவிட்டு வந்து அடுப்புக்குள் விழுகிற மாதிரி உட்காருகிறாள். அவளுக்குக் குளிர் ஆகாது என்று உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அந்தப் பாட்டுத்தான்.

நான் பாசி அடைக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க கதவைச் சாத்துறீங்க. ஆனா திருடன் ஏற்கெனவே உள்ளதான் இருக்கான்" என்றாள். சிரிப்பு வந்தது. உன்னோடு பழகிப் பழகி அவளுக்கும் வாய் நீண்டுவிட்டது.

அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். எங்கே அனுப்புவது? புருஷனைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பவள் வீட்டுக்கா? உன் அடுப்பில் வெந்ததை என் பிள்ளை தின்ன வேண்டாம். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கம்பாவோ


காண்டெப்
ஆகஸ்ட் 17

டக்காமேவுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பவுலுஸ் வெறுங்கையோடு வந்தான்.

இந்த வாரம் மறுபடி பனி விழுந்தது. முன்பு விழுந்தது பனியே இல்லை.

காலையில் எழுந்து வெளியே வந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை. அழகாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நெமா ஓடிப்போய்க் கையில் அள்ளி வாயில் போட்டாள். வெயில் ஏறியதும் வெள்ளை போய்க் கறுப்பு வந்தது. மத்தியானத்துக்குள் நாற்றம். வேலியிலிருந்து வீடு வரை ஒரு மேடு தப்பவில்லை. புல் போர்த்தியதும் சேர்ந்து கருகிவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை அழுகுமுன் தோண்டுகிறோம். வேகவைத்தால் நீர் கோத்துக் கசக்கிறது. நெமா துப்பிவிடுகிறாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் லெட்டேயின் தோட்டம். அதே சரிவு, அதே உயரம். சோம்பேறிப் பயல், வேலி என்ற பெயரில் நாலு குச்சி நட்டு வைத்திருக்கிறான், பன்றியும் நாயும் குடும்பத்தோடு போய்வரும். அவன் மேடுகளில் தலைக்கொடி பாதிக்கு மேல் பச்சையாக நிற்கிறது. ஓடைக்கரையில் நின்று என்னைப் பார்த்து, "என்னப்பா கம்பாவோ, வேலியே பயிர மேஞ்சிருச்சா?" என்று கேட்டான். கல்லெடுத்து எறிந்தேன். படவில்லை.

அவன் அதிர்ஷ்டம் அது. நம் வீட்டில் நட்ட கைதான் சரியில்லை. டமாரிஸிடம் கேட்டேன், மேட்டின் தலையில் நட்டாயா, இல்லை குனியச் சோம்பல்பட்டு இடுப்பில் நட்டாயா என்று. தலையில்தான் நட்டேன் என்கிறாள். தலையில் நட்டிருந்தால் எப்படிப் போகும்? நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. வேலை எல்லாம் செய்கிறாள், பேச்சு மட்டும் இல்லை.

சாக்கில் இப்போது கிழங்கு எப்படி? மாமா வீட்டில் ஆட்கள் அதிகமா? சும்மாதான் கேட்கிறேன்.

கம்பாவோ


சாக்
ஆகஸ்ட் 26

கம்பாவோவுக்கு,

சும்மா கேட்டதற்குச் சும்மாவே பதில் சொல்கிறேன். கிழங்கு இருக்கிறது. வீட்டில் இடமும் இருக்கிறது.

உன் ஜூலைக் கடிதத்தை நான் மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. புருஷனைத் தின்றவள் என்ற வரி வந்ததும் மடித்துச் செருகிவிட்டேன். என் புருஷன் நெஞ்சடைத்துச் செத்தபோது நீதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என் தலையில் துக்கக் களிமண்ணைப் பூசிவிட்டது உன் பெண்டாட்டி. ஊர் சொல்லியிருந்தால் காதைப் பொத்தியிருப்பேன். நீ சொன்னாய்.

இப்போது அண்ணியைப் பிடித்திருக்கிறாய். அவள் நட்ட விதத்தை எனக்குத் தெரியாதா? நானும் அவளும் சேர்ந்து அந்த மேடுகளில் எத்தனை பருவம் நட்டிருக்கிறோம். உள்ளே புல்லையும் பழைய கொடியையும் திணித்து மண்ணை இழுத்து மூடி, தலைக்கு மேல் தலையாக நடுவாள் அவள். நான் அவசரத்தில் கொஞ்சம் கீழே வைத்தால் பிடுங்கி மறுபடி நடுவாள். பழி போட உனக்கு ஒரு ஆள் வேண்டும். நான் போய்விட்டேன், அவள் கிடைத்தாள்.

ஆகவே என் பேச்சு இதுதான். முதலில் உன் கையால் அந்த வேலியைப் பிரி. பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு நீயே வா. என் குடிசை வாசலில் நின்று கேள். மாமா வாசலில் இல்லை, என் வாசலில். கேட்டால் கதவைத் திறப்பேன். நீ கேட்காமல் அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு அங்கே மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைக்காதே.

இதையும் மாமாவுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை.

டக்காமே


காண்டெப்
செப்டம்பர் 19

தங்கச்சி,

உன் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. பாதையில் சண்டை, லாரிகள் ஓடவில்லை. பவுலுஸ் வண்டியை வழியில் லையகாம் ஊரில் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தான். அதற்குள் இன்னொரு பனியும் விழுந்துவிட்டது. விழுந்து கருக்குவதற்கு இங்கே எதுவும் மிச்சம் இல்லை. லெட்டேயின் பச்சையும் போயிற்று. அவன் குடும்பத்தோடு இறங்கிவிட்டான். போகும்போது கேலி செய்யவில்லை.

ஓடை வற்றிவிட்டது. குட்டையில் தேங்கியதைத்தான் குடித்தோம். டமாரிஸுக்கு வயிறு கெட்டுவிட்டது, ரத்தமாகப் போகிறது. இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கீழே நடந்து போகிற கூட்டம் ஒன்று இன்றைக்குக் கிளம்புகிறது. மலை தாண்டினால் சாக். நெமாவை லெட்டேயின் மைத்துனன் தோளில் தூக்கிக்கொள்வதாகச் சொன்னான். டமாரிஸ் தானே நடப்பேன் என்கிறாள்.

நீ கேட்டபடி நான் வந்து உன் வாசலில் நிற்க முடியாது. இந்தத் தடவை திமிர் இல்லை. கீழ்க்கரைக் குலத்துக்காரர்கள் காலி நிலத்துக்கெல்லாம் கண் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எல்லாரும் போய்விட்டால் பனிக்காலம் முடியும்போது இது நம் நிலமாக இருக்காது. யாராவது புகை எழுப்பிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேலி இன்னும் நிற்கிறது. நேற்றுப் போய்ப் பலகையில் கை வைத்தேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

நான் வராததை அவள் மேல் வைக்காதே. கதவைத் திற. கேட்கச் சொன்னாயே, இதோ கேட்கிறேன்.

கம்பாவோ


சாக்
செப்டம்பர் 27

அண்ணா,

போன கடிதத்தை நீ அவள் கையில் கொடுத்து அனுப்பினாய். இந்தக் கடிதம் அவளோடு வருகிறது. முதலில் அவளை இறக்கு. பிறகு இதைப் படி.

அண்ணி நேற்று விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன். மலைப் பாதையில் அவள் கூட்டத்துக்குப் பின்தங்கிவிட்டாள். அவளை விட்டுப் போக மனமில்லாமல் இரண்டு பேர் கூடவே தங்கி, கடைசியில் கம்பளியில் போட்டுத் தூக்கிவந்தார்கள். என் வாசலில் இறக்கியபோது எழுந்து உட்காரப் பார்த்தாள். தோள்பைக்குள் கையை விட்டு இலையில் சுற்றிய நாலு சுட்ட கிழங்கை எடுத்தாள். விரல் அளவுக்குத்தான் இருக்கும். "வெறுங்கையோட எப்படி வர்றது" என்றாள். நான் அதை வாங்கித் தின்றேன், அண்ணா. கசந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் முழுதும் தின்றேன்.

மருந்தாளர் வந்தார், உப்புத் தண்ணீர் கொடுத்தார், ஊசி போட்டார். "ரொம்பத் தாமதமாக் கொண்டு வந்திருக்கீங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். ஜூலையில் வா என்று எழுதினேன், ஆகஸ்டில் வாசலில் வந்து நின்று கேள் என்று எழுதினேன். நீ கேட்கவா, நான் திறக்கவா என்று நாம் இரண்டு பேரும் மல்லுக்கு நின்ற நாட்களில் அவள் குட்டைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். உன்னைத் திட்ட வாயெடுத்தால் என் கடிதம் ஞாபகம் வருகிறது. அதனால் திட்டவும் முடியவில்லை.

கடைசியில் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர். அடுப்பருகே படுக்க வைத்து, வீட்டிலிருந்த போர்வை எல்லாம் போட்டேன், நானும் கட்டிக்கொண்டு படுத்தேன். "காலு பக்கம் குளிர் நிக்குது, தள்ளிவிடு" என்றாள் இரண்டு மூன்று தடவை. பிறகு தெளிவாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "உங்க அண்ணங்கிட்ட சொல்லு. நான் தலையிலதான் நட்டேன். ஒண்ணுகூடக் கீழ வைக்கல." சொல்லிவிட்டேன்.

மாமா இங்கேயே புதைக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவள் நட்ட மண்ணில் கிடக்கட்டும். பாதையில் சண்டைபோட்டவர்களிடம் மாமாவே போய்ப் பேசினார், பிணம் போகிற வண்டியை விட்டுவிடுகிறோம் என்றார்கள். பவுலுஸ் காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நான் வர முடியாது. நெமாவுக்கும் வயிறு போகிறது, உப்புத் தண்ணீர் குடிக்கிறாள், இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. "அம்மா எங்கப் போறா?" என்று கேட்டாள். வீட்டுக்கு என்றேன். "அப்ப நானு?" என்றாள். 

எனக்காக நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழு. உனக்கு அழ வராது என்று தெரியும். உட்காரவாவது உட்கார்.

டக்காமே


காண்டெப்
டிசம்பர் 7

தங்கச்சி,

இரண்டு மாதமாக எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். நெமாவுக்குச் சுகமாகிவிட்டது என்று நீ பவுலுஸிடம் சொல்லி அனுப்பியது கிடைத்தது. அவளைப் பற்றி நீ சொல்லி அனுப்புவதையெல்லாம் அவனை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். அவனும் அலுத்துக்கொள்ளாமல் சொல்கிறான்.

மழை வந்துவிட்டது. அரசாங்க அரிசியும் வந்துவிட்டது, ஹெலிகாப்டரில், மூட்டை மூட்டையாக. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ஒரு ஆளுக்குச் சமைத்துத் தின்பது பெரிய வேலை. அரிசி வேகும்போது அடுப்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்துப் பேசிவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவளைப் புதைத்த மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். கருகின மேடுகளை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்துப் பார்த்தேன். கொடி செத்துப்போயிருந்தாலும் தண்டின் அடி மண்ணுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியுமே. முதல் மேட்டில் உச்சியில் இருந்தது. இரண்டாவதிலும் உச்சியில். எங்காவது ஒன்று, ஒரே ஒன்று, கீழே இருக்கும், நான் கேட்டதில் பாதியாவது நியாயம் இருக்கும் என்று தோண்டிக்கொண்டே போனேன். வேலி வரைக்கும் போய்விட்டேன். எல்லாம் தலையில்தான் நட்டிருந்தாள்.

வேலியோரம் உட்கார்ந்திருந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. காற்றே இல்லை. முதுகுப்பக்கம், மலையிலிருந்து, குளிர் மெல்ல இறங்கி வந்தது. என்னைத் தாண்டிப் பலகையில் போய் முட்டி நின்றது. கால் மரத்துப்போயிற்று, பிறகு இடுப்பு. எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்றேன். அங்கே அவ்வளவு இல்லை. அத்தனை நாளும் ஒரு தடவை, ஒரே ஒரு சாயங்காலம், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்திருக்கலாம்.

வேலியைப் பிரித்துவிட்டேன். ஓடையிலிருந்து காட்டு விளிம்பு வரைக்கும் இப்போது ஒரு முளைக்குச்சிகூட இல்லை.

லெட்டே திரும்பி வந்துவிட்டான். கீழ்நாட்டுக் கொடியைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான். மழைக்கு இலை வைக்கிறது, கிழங்கு வைக்குமா என்று தெரியவில்லை என்கிறான். இந்த மலைக்குப் பழகிய கொடி இந்தப் பக்கத்தில் யாரிடமும் மிச்சமில்லை. உன்னிடம்தான் இருக்கிறது. திருடினாய் என்று எழுதினேன். அதை எழுதிய கையால் அனுப்பு என்று எப்படி எழுதுவது? அனுப்ப வேண்டாம். நீயே கொண்டு வா. நெமாவையும் கூட்டிக்கொண்டு வா. சரிவின் அடியில் உன் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றிவிட்டேன். வந்தால் இரு, கொடியை நட்டுவிட்டு உடனே போகத் தோன்றினால் போ. பன்றி வளர்த்தால் வளர்த்துக்கொள். மேடுகளைக் கிளறினால் கிளறட்டும்.

டமாரிஸைத் தோட்டத்தின் மேல்கோடியில், அவள் கடைசியாக நட்ட மேடுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சுற்றிலும் வேலி போட வேண்டியிருந்தது, வழக்கம் அது, பன்றி தோண்டும். இந்தச் சவுக்குப் பலகையை விட்டால் வேறு மரம் இல்லை. அதையே எடுத்து அடித்தேன். மூன்று பக்கம் நெருக்கி அடித்துவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி அடித்தேன். லெட்டே பார்த்துவிட்டு, "கீழ சந்து விட்டுட்டியே, பன்னி மூக்கை நுழைக்காதா?" என்று கேட்டான்.

"நுழைச்சா நான் வெரட்டுறேன். இங்கதான உக்காந்திருக்கேன்" என்றேன்.

குளிர் அவள் கால்மாட்டில் தேங்கக்கூடாது, தங்கச்சி. இறங்கிப் போய்விடட்டும். அவளுக்குக் குளிர் ஆகாது.

அண்ணன்
கம்பாவோ